தண்ணீர் வராத கிணறு

கிணறு தோண்டினால் என்ன வரும்? தண்ணீர் வரும். ஆனால் ஒருவர் ஒன்பது ஆண்டுகள் கிணறு தோண்டினார். தண்ணீர் வரவில்லை.

அவர் பெயர் ஷெர்கின். ரஷ்ய நாட்டில் சைபீரியா என்ற குளிர்ப் பகுதி இருக்கிறது. அங்கே யாகுட்ஸ்க் நகரில் அவர் வியாபாரம் செய்தார். 1828-இல் கிணறு தோண்டத் தொடங்கினார். 1837-இல் ஆழம் 116 மீட்டர் ஆனது. 60 ஆள் ஆழத்துக்கும் அதிகம்! அதுவரை தோண்டியும் நிலம் உறைந்தே கிடந்தது.

தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையும். மிடென்டார்ஃப் என்ற விஞ்ஞானி 1844-இல் அந்தக் கிணற்றில் இறங்கி அளந்து பார்த்தார். அடியிலும் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 3 டிகிரி. இப்படி ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் நிலத்தை 'உறைநிலம்' என்கிறார்கள்.

யாகுட்ஸ்கில் ஜனவரி மாதக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 35 டிகிரியைத் தாண்டும். கோடையில் வெயில் உண்டு. ஆனால் மேல்மண் ஒன்றிரண்டு மீட்டர்தான் இளகும். அதற்குள் கோடை முடிந்துவிடும்.

அப்படியானால் காற்று எவ்வளவு குளிரோ, நிலமும் அவ்வளவு குளிரா? இல்லை. இங்கேதான் வேடிக்கை. கொட்டிக் கிடக்கும் பனி நிலத்துக்குப் போர்வை ஆகிறது! உதிரிப் பனிக்குள் காற்று அடைபட்டிருக்கும். அது மண்ணின் சூட்டை எளிதில் வெளியே விடாது. கம்பளியும் இப்படித்தான் வேலை செய்கிறது. பனி ஆழமாக மூடிய பள்ளத்தில் மண்ணின் குளிர் குறைவு. காற்று பனியை அடித்துக்கொண்டு போன மேட்டில் குளிர் அதிகம்.

பெரிய ஏரிக்கு அடியில் மண் உறையாமலே இருக்கும். மலையில் வெயில் படும் சரிவு ஒரு மாதிரி, நிழல் சரிவு வேறு மாதிரி. நம் நாட்டில் லடாக்கின் உயரமான மலைகளிலும் உறைநிலம் உண்டு. அங்கும் வடக்குச் சரிவில்தான் குளிர் அதிகம்.

காட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கோடையில் மரநிழலும் தரைப்பாசியும் வெயிலை மண்ணுக்குள் விடுவதில்லை. யாகுட்ஸ்குக்கு வடக்கே படகாய் என்ற ஊர் இருக்கிறது. 1960-களில் அதன் அருகே மரங்களை வெட்டினார்கள். வெயில் நேரே மண்ணில் பட்டது. மண்ணுக்குள் இருந்த பனிக்கட்டி உருகியது. நிலம் உள்வாங்கியது. இன்று அந்தப் பள்ளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். இன்னும் சரிந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பக்கத்து மக்கள் அதைப் பாதாள வாசல் என்கிறார்கள்.

வீடு கட்டுவதிலும் இதே கவலைதான். வீட்டுச் சூடு தரையில் இறங்கினால் உறைந்த மண் இளகிச் சேறாகும். வீடு சாயும். சுவர் வெடிக்கும். அதனால் யாகுட்ஸ்கில் பெரிய கட்டிடங்களைத் தரையில் உட்கார வைப்பதில்லை. ஆழமாக இறக்கிய கான்கிரீட் தூண்களின் மேல் நிறுத்துகிறார்கள். வீட்டுக்குள் கதகதப்பு. வீட்டுக்கு அடியில் குளிர்காற்று.

இப்போது அந்தக் குளிர்காற்றின் குளிரே ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது. தூண் போட்டுக் கட்டிய வீடுகளிலும் சிலவற்றில் வெடிப்பு விட்டிருக்கிறது.