சோள மணியில் எவ்வளவு சத்து?

மலேசியாவில் ‘சோளம்’ என்றால் பலருடைய நினைவுக்கு வருவது மஞ்சள் நிறக் கதிரையுடைய மக்காச்சோளம்தான். ஆனால், தமிழகத்தில் நெடுங்காலமாகச் சோறாகவும் களியாகவும் சமைத்து உண்ணப்பட்டு வரும் சோளம் வேறு. அது மிளகளவே உள்ள உருண்டையான தானியம். ஆப்பிரிக்காவில் தோன்றிய இத்தானியம், உலகில் மிகுதியாக விளையும் தானியங்களுள் மக்காச்சோளம், கோதுமை, நெல், பார்லி ஆகியவற்றை அடுத்து ஐந்தாம் இடத்தில் உள்ளது. மழை குறைந்த நிலத்திலும் தாக்குப்பிடித்து விளைவது இதன் தனிச்சிறப்பு.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலும் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தின் வடபகுதியிலும் சோளம் கோடைக்காலப் பயிராகும். அங்கு இதை மனிதர்கள் உண்பது குறைவு. பெரும்பகுதி கால்நடைத் தீவனத்திற்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. கோழித் தீவன ஆலைகளும் இதை வாங்குகின்றன. ஆனால், ஒருவிதத் தயக்கத்தோடுதான் வாங்குகின்றன.

அந்தத் தயக்கத்திற்குக் காரணம் உண்டு. கறிக்கோழி, முட்டையிலிருந்து வெளிவந்த ஐந்து அல்லது ஆறு வாரங்களிலேயே விற்பனைக்குத் தயாராகிவிடும். இடையில் ஒரு வாரம் தீவனம் சரியில்லாமல் போனாலும், இழந்த எடையை ஈடுகட்ட அதற்கு நாள் இருக்காது. வளர்ப்புச் செலவிலும் பாதிக்கு மேல் தீவனத்திற்கே ஆகிறது. ஆகவே, ஆலையின் வாசலில் வந்து நிற்கும் கனவுந்திலுள்ள சோளம் கோழிக்கு எவ்வளவு சத்தைத் தரும் என்பதை, அதை அரைப்பதற்கு முன்பே அறிந்தாக வேண்டும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஒரே நிறமும் ஒரே பருமனும் கொண்ட இரண்டு குவியல்கள் இருவேறு பலனைத் தரக்கூடும்.

தானியத்தின் புரத அளவை அறியும் முறை பழையதுதான். டென்மார்க் நாட்டு வேதியியலாளர் யோஹான் கெல்டால், ஒரு பொருளிலுள்ள நைட்ரஜனை அளக்கும் முறையை 1883ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்த அளவை 6.25ஆல் பெருக்கினால் புரத அளவு தோராயமாகக் கிடைக்கும். இன்றும் தீவனத்தின் புரத விழுக்காடு நைட்ரஜனைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஆனால், மணிக்குள் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதைத்தான் இந்த எண் காட்டும். கோழியின் குடலில் எவ்வளவு செரிக்கும் என்பதைக் காட்டாது. சோளத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிது.

அந்த இடைவெளிக்குப் பெரிதும் பொறுப்பானது காஃபிரின் என்னும் புரதம். சோளத்திலுள்ள புரதத்தில் பாதியோ அதற்கு மேலோ காஃபிரின்தான். மிகச் சிறிய உருண்டைகளாக, மாவுச்சத்துத் துகள்களை ஒட்டியபடி அது அமைந்திருக்கும். அது நீரில் கரையாது. செரிமான நொதிகளுக்கும் எளிதில் இடங்கொடுக்காது. தான் செரிக்காததோடு, தன் அருகிலுள்ள மாவுச்சத்தையும் செரிக்கவிடாமல் தடுக்கக்கூடும். மேலும், கோழிக்குஞ்சின் தசை வளர்ச்சிக்கு இன்றியமையாத லைசின் என்னும் அமினோ அமிலம் காஃபிரினில் மிகவும் குறைவு. வயலில் தழைச்சத்து உரம் கூடுதலாக இடப்பட்டுச் சோளத்தின் புரதம் உயரும்போது, அப்படிக் கூடுவதில் பெரும்பங்கு காஃபிரினே. ஆகவே, 11 விழுக்காடு புரதமுள்ள சோளம், 9 விழுக்காடு உள்ளதைவிடக் கோழிக்கு மேலானது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

டேனின் என்னும் துவர்ப்புப் பொருள் மற்றொரு தடை. சில சோள வகைகளில், வெளித்தோலுக்கு அடியிலுள்ள படலத்தில் இது மிகுந்திருக்கும். புரதத்தோடு பிணைந்து செரிமானத்தைக் குறைப்பது இதன் இயல்பு. இதன் துவர்ப்பால் குருவிகள் கதிரை அதிகம் நாடுவதில்லை. எனவே, பறவைத் தொல்லை மிகுந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் உழவர்கள் இவ்வகையை விரும்பி விதைப்பதுண்டு. வயலில் பயிரைக் காக்கும் குணமே தீவனத் தொட்டியில் குறையாகிவிடுகிறது!

சிவந்த சோளத்தில் எல்லாம் டேனின் இருக்கும் என்று சிலர் எண்ணுவர். அது தவறு. சிவப்பு நிறம் வெளித்தோலிலுள்ள வேறு நிறமிகளால் வருவது. உண்மையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. காரம் சேர்த்த வெளுப்புநீரில் மணிகளைச் சுமார் 20 நிமிடம் ஊறவைத்தால் வெளித்தோல் கரைந்துவிடும். டேனின் உள்ள மணி கறுத்துத் தெரியும். இல்லாத மணி வெளுத்திருக்கும். (இச்சோதனையை ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரின் முன்னிலையில் மட்டுமே செய்ய வேண்டும்.) ஆஸ்திரேலியாவில் இன்று பயிராகும் சோளம் பெரும்பாலும் சிவப்பு, ஆயினும், டேனின் இல்லாத வகை. அதனால்தான் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் கோழி ஆராய்ச்சியாளர்கள் காஃபிரினின் மீது அதிகக் கவனம் செலுத்தி வந்துள்ளனர்.

நம்பகமான விடையைக் கோழியிடமே பெறலாம். குஞ்சுகளுக்குக் குறிப்பிட்ட சோளம் கலந்த தீவனத்தைச் சில நாள்கள் கொடுப்பர். அவை தின்ற தீவனத்தின் ஆற்றலையும் வெளியேற்றிய எச்சத்தின் ஆற்றலையும் தனித்தனியே அளப்பர். அதற்கென உள்ள உறுதியான உலோகக் கலத்திற்குள் மாதிரியை எரித்து, வெளிப்படும் வெப்பத்தைக் கணக்கிடுவர். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால், கோழி தனக்கென எடுத்துக்கொண்ட ஆற்றல் தெரிந்துவிடும். முறை சிறந்ததுதான், ஆனால், செலவும் காலமும் மிகுதி. முடிவு வந்து சேருமுன் அந்தச் சோளம் அரைபட்டுத் தீர்ந்திருக்கும்.

இச்சிக்கலுக்கு ஒளி வழிகாட்டியது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். 1960களில் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்ல் நாரிஸ், அதைக் கொண்டு தானியங்களை ஆராயும் முறையை வளர்த்தெடுத்தார். தானியத்தின் மீது இவ்வொளியைப் பாய்ச்சினால் நீர், புரதம், மாவுச்சத்து ஆகிய ஒவ்வொன்றும் ஒளியின் வெவ்வேறு பகுதிகளை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சித் திரும்பி வரும் ஒளியைக் கருவி பதிவு செய்யும். இதற்கு ஓரிரு நிமிடங்களே போதும்.

கருவிக்குச் சோளத்தைப் பற்றித் தானாக எதுவும் தெரியாது என்பதை மறந்துவிடக் கூடாது. முதலில், கோழிகளுக்குக் கொடுத்துச் சத்து அறியப்பட்ட ஏராளமான மாதிரிகளின் ஒளிப்பதிவுகள் அதனுள் சேர்க்கப்படுகின்றன. புதிய மாதிரி வந்ததும், பழைய பதிவுகளிலிருந்து வகுக்கப்பட்ட கணக்கின்படி அதன் சத்து கணிக்கப்படுகிறது. ஈரப்பதத்தையும் புரதத்தையும் கருவி துல்லியமாகவே சொல்லிவிடும். கோழிக்குக் கிடைக்கும் ஆற்றலைச் சொல்வதில்தான் தடுமாற்றம் மிகுதி. ஏனெனில், அது மணியை மட்டுமன்றிக் கோழியின் வயதையும் உடல்நிலையையும் பொறுத்தது. கடும் வறட்சியில் விளைந்து வற்றிய மணியைப் போன்ற எதுவும் பழைய பதிவுகளில் இல்லையென்றால், கருவி தரும் எண்ணை நம்ப இயலாது.

அரைத்த பின்னரும் ஒரு மாற்றம் நிகழ்கிறது. தீவனத்தைக் குச்சி வடிவில் அழுத்தி எடுப்பதற்குமுன் அதில் நீராவியைச் செலுத்துவர். ஈரமும் வெப்பமும் சேரும்போது காஃபிரின் மேலும் இறுகிவிடக்கூடும். முழு மணியில் எடுத்த கணிப்பு இதைத் தானாகக் காட்டாது. எனவே, ஆலையின் ஊட்டச்சத்து வல்லுநர் கருவியின் எண்ணோடு நின்றுவிடுவதில்லை. குறையும் லைசினைத் தனியாகச் சேர்க்கிறார். மணிக்குள் பிணைந்து கிடக்கும் பாஸ்பரஸை விடுவிக்கும் நொதியைக் கலக்கிறார். நீராவியின் வெப்பத்தையும் கவனிக்கிறார். ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும் புதிய மாதிரிகள் சில மீண்டும் குஞ்சுகளின் தீவனத் தொட்டிக்குப் போகின்றன. அங்கே கிடைக்கும் விடை கருவியின் பதிவில் சேர்க்கப்படுகிறது.