வெள்ளை டிரிப்பும் மஞ்சள் கண்ணும்

நவம்பர் 15 அன்று தேசியப் பச்சிளங்குழந்தை வாரம் தொடங்குகிறது. அதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். மரக்காணம் உப்பளப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் கேள்வி ஒன்றுதான்: "குறைமாதப் பிள்ளைக்குப் பால் மாதிரி வெள்ளையாக டிரிப் ஏற்றினார்கள். சில வாரத்தில் காமாலை. ஈரலைக் கெடுத்தது அதுதானா?"

அதற்கும் பங்கு இருக்கலாம். ஆனால் அந்த வெள்ளை டிரிப்பிலுள்ள கொழுப்பே விஷம் என்று நினைத்துவிடாதீர்கள். சிக்கல் அதிலுள்ள சோயா எண்ணெயோடு ஒட்டிவரும் தாவர ஸ்டெரால்களில் இருக்கிறது. வாய்வழி சாப்பிட்டால் குடல் அவற்றில் மிகச் சிறு பங்கைத்தான் உள்ளே விடும். நரம்பில் ஏற்றும்போது அந்தக் காவலே கிடையாது; அத்தனையும் நேரே ரத்தத்தில். பித்த அமிலம் கூடினால் ஈரல் செல்லிலுள்ள எஃப்.எக்ஸ்.ஆர். என்ற புரதம் அதை உணர்ந்து, வெளியே தள்ளும் பம்புகளைப் பெருக்கும். ஸ்டிக்மாஸ்டெரால் என்னும் தாவர ஸ்டெரால் அந்த உணர்வை மழுங்கடிக்கிறது. மதகு அடைபட்ட பாத்தியாகப் பித்தம் தேங்குகிறது. என்னைக் கலங்கவைப்பது அடுத்த கட்டம்: ஸ்டெரால்கள் உடலைவிட்டு வெளியேறும் வழியும் பித்தம்தான். பித்தம் தேங்கத் தேங்க ஸ்டெராலும் சேரும். அது சேரச் சேரப் பித்தம் இன்னும் தேங்கும். இது எலிகளிலும் ஆய்வகச் செல்களிலும் கண்டது. பிள்ளைகளிடம் கிருமித்தொற்றும், பால் காணாத குடலும், முதிராத ஈரலும் கூடவே சேர்ந்துகொள்கின்றன.

பாட்டிலில் 20 சதவீதம் என்று எண்ணெய் அளவு இருக்கும். ஸ்டெரால் அளவைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

மீன் எண்ணெய் டிரிப்பில் தாவர ஸ்டெரால் இல்லை என்றே சொல்லலாம். ஆனாலும் "ஈரலைக் காக்கும்" என்ற விளம்பரப் பேச்சை அப்படியே நம்பவேண்டாம். ஒமேகாவென் என்ற மீன் எண்ணெய் டிரிப்புக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி தந்தது, டிரிப்பால் பித்தம் தேங்கிவிட்ட குழந்தைகளுக்கு மட்டுமே. வராமல் தடுக்க அல்ல. குறைமாதக் குழந்தைகள் பற்றிய 2019 காக்ரேன் தொகுப்பாய்வும் எந்த எண்ணெயையும் மேலானது என்று சொல்லவில்லை.

டிரிப்பை நிறுத்தச் சொல்லலாமா? கூடாது, கொழுப்பே இல்லாவிட்டால் சில நாளிலேயே குறைமாதப் பிள்ளைக்கு அவசியக் கொழுப்பு அமிலங்கள் தட்டுப்பாடாகும்.

மத்திச் சாறோ மீன் எண்ணெய் மாத்திரையோ டிரிப்புக்கு ஈடாகுமா? ஆகாது.

ஈரல் தேறுமா? டாக்டர் சொல்லும் அளவில் தாய்ப்பால் ஏறி, டிரிப் நின்றால் பெரும்பாலும் தேறும்.

பெரியவர்களுக்கு? நெடுநாள் ஏற்றினால் அவர்களுக்கும் பித்தம் தேங்கலாம்.

வீடு திரும்பிய பிள்ளையின் மலம் சுண்ணாம்பாய் வெளுத்தாலோ, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டாலோ, காமாலை 14 நாள் தாண்டினாலோ வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், "டைரக்ட் பிலிரூபின் பாருங்கள்" என்று கேளுங்கள்.