மலைச்சாரலிற் புதையல் வேட்டை

புதையல் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் மனம் செல்லும் இடம் வேறு. பாழடைந்த கோயில், நள்ளிரவு, மை தடவிய வெற்றிலை, மந்திரவாதி ஒருவர், கடப்பாரையோடு இருவர் ஆகிய இவையே அச்சொல்லின் பரிவாரம். இவ்வாசையால் எத்தனையோ பழங்கோயில்களின் தளவரிசையும், பண்டை மக்களின் ஈமக்கற்களும் பெயர்த்தெறியப்பட்டமை வருந்தத்தக்கது. ஈண்டுக் கூறப்புகுவது அவ்வேட்டையன்று. பாட்டி முதற் பேரன் ஈறாக ஒரு குடும்பத்தார் ஒருங்கு கூடி, மரநிழல் வழியே நடந்து, ஆங்காங்கு வைக்கப்பட்டுள்ள புதிர்களை அவிழ்த்து, ஒவ்வொரு விடையும் அடுத்த இடத்தைக் காட்ட, முடிவில் ஒரு சிறு பெட்டியைக் கண்டெடுக்கும் விளையாட்டே இக்கட்டுரையின் பொருள். விடுமுறையில் ஊர் திரும்பும் நம் மாணாக்கர் தம் இல்லத்தாருக்காக இதனை நடத்துதல் எளிது. நன்றாக நடத்துதல் அத்துணை எளிதன்று.

சட்டம் பயின்ற நண்பர் ஒருவர் இதற்கும் ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். 1878ஆம் வருஷத்து இந்தியப் புதையற் சட்டத்தின்படி, மண்ணுள் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுப்போர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. நம் பெட்டியை மண்ணிற் புதையாது மேலேயே வைத்துவிடின் கலெக்டர் அவர்களுக்கு யாதொரு சிரமமும் இராது. புதையாமைக்கு இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு; அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இவ்விளையாட்டின் வரலாறு நெடியதன்று. இங்கிலாந்தில் டெவன் பகுதியிலுள்ள டார்ட்மூர் என்னும் மேட்டு நிலத்தில், வழிகாட்டியாய் இருந்த ஜேம்ஸ் பெரட் என்பவர், 1854ஆம் வருஷத்தில், எளிதிற் சென்றடைய முடியாத கிரான்மியர் குளத்தருகே ஒரு பாட்டிலை வைத்தார். அங்குச் சென்றடைந்தோர் தத்தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டு வந்தனர். இச்சிறு செய்கையினின்றே, மறைத்து வைத்த பெட்டிகளைக் குறிப்புக்களைக் கொண்டு தேடும் வழக்கம் அந்நாட்டிற் பரவிற்று. 1901ஆம் வருஷத்தில் கிப்ளிங் எழுதிய 'கிம்' என்ற நவீனத்தில், சிம்லாவிலுள்ள ஒரு கடையில், தட்டிற் பரப்பிய மணிகளைச் சிறிது நேரம் பார்த்துப் பின் மறைத்து நினைவினின்று சொல்லும் பயிற்சி வருகிறது. சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் 1908ஆம் வருஷத்தில் வெளியிட்ட தம் நூலில் அதனைச் சிறுவர் விளையாட்டாக ஏற்றுக்கொண்டார். 2000ஆம் வருஷம் மே மாதம், செயற்கைக் கோள்கள் அனுப்பும் இடங்காட்டிக் குறிகளில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசாங்கம் நீக்கிய அவ்வாரத்திலேயே, ஆரிகன் மாகாணத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டில் மறைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகைகளை உலகுக்கு அறிவித்தார். இன்று அம்முறை பல நாடுகளிலும் பரவியுள்ளது. எனினும் கைக்கருவியை நோக்கி நடப்பவன் கண்ணுக்கு மரம் தென்படுவதில்லை. ஆதலின் நம் காரியத்துக்குப் பெரட்டின் பாட்டிலே போதுமென்பது எம் எண்ணம்.

புதிர் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் பிசி என்று ஒரு செய்யுள்வகையைக் கூறுகின்றது. விடுகதையின் மூதாதை அதுவே. ஒரு பாட்டுக்குள் மற்றொரு பாட்டை மறைத்து வைக்கும் கரந்துறைச் செய்யுளையும் நம் புலவர் இயற்றியுள்ளனர். எனவே புதிருக்குப் பஞ்சமில்லை. எப்புதிர் காட்டுக்கு ஏற்றது என்பதே வினா.

இதற்கு விடைகாண வேதாகமத்தில் நியாயாதிபதிகள் புத்தகத்தின் 14ஆம் அதிகாரத்தை நோக்குக. சிம்சோன் தன் விவாக விருந்திற்கு வந்த முப்பது தோழர்க்கு ஒரு விடுகதை கூறி, முப்பது மாற்று வஸ்திரங்களைப் பந்தயம் வைத்தான். தான் கொன்ற சிங்கத்தின் உடலில் தேனீக்கள் கூடு கட்டியிருந்ததை அவன் ஒருவனே கண்டவன். தன் பெற்றோர்க்கும் அதனைச் சொன்னானில்லை. மற்றவர் எத்துணை யோசித்தும் பயன் என்? முடிவில் அவர்கள் அவன் மனைவியை அச்சுறுத்தி விடையைப் பெற்றனர். விருந்து பகையில் முடிந்தது. புதிர் அமைப்போர் பலர் இன்றும் சிம்சோனின் தவற்றையே செய்கின்றனர். தமக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை மறைத்து வைத்து, பிறர் திகைப்பதைத் தம் சாமர்த்தியம் எனக் கருதுகின்றனர். புதிரின் விடைக்கு வேண்டிய சான்று முழுவதும், தேடுவோர் நிற்கும் இடத்திலேயே அவர் கண்முன் இருத்தல் வேண்டும். இனி, வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே அவிழ்க்கக்கூடிய புதிரும் காட்டுக்கு உதவாது. அதற்காக ஒருவரை வெயிலில் நடத்திச் செல்வானேன்? நிலத்தைப் பார்த்தாலன்றி விளங்காதது, பார்த்தால் விளங்குவது என்ற இவ்விரண்டும் கூடியதே நற்புதிர். குடும்பத்தாருக்கான வேட்டையில் மற்றொன்றும் வேண்டும். ஒவ்வொரு புதிரும் வெவ்வேறு வயதினர் கையில் அவிழ்தல் வேண்டும். எல்லாவற்றையும் கல்லூரி மாணாக்கனே அவிழ்த்துவிடின், மற்றையோர் அவன் பின்னே நடக்கும் மூட்டைகளாவர்.

நிற்க. இவற்றைக் கல்வராயன் மலைச்சாரலில் எங்ஙனம் அமைக்கலாம் என்று பார்ப்போம். கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த இம்மலை, 2019ஆம் வருஷத்தில் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி ஜில்லாவான கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நெடிது கிடக்கின்றது. அதன் மறுபுறம் சேலம் ஜில்லாவைச் சார்ந்தது. மலைமேலுள்ள ஊர்களுள் வெள்ளிமலை தலைமையானது. அங்கு வாழும் பெருங்குடிகள் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்பவர் என்பதே பொருள், கேரளத்தவர் அல்லர். தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தவர் என்பது அவர்கள் கூறும் வழிவழிக் கதை. அவர்கள் பேசுவது தமிழே.

மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்தை அடுத்து ஓர் அணை உண்டு. குழந்தைக்குரிய முதற் புதிரை அங்கே வைக்கலாம்: "பசுவின் முகம் என்று பேர் பெற்றவள், மலையிற் பிறந்தவள், புல் தின்னாள், ஆனால் வயலுக்குப் பால் தருவாள். அவளைக் கட்டி வைத்த இடத்திற்கு வா." கோ என்றால் பசு என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாமற் போயினும், அணையின் பெயர்ப்பலகையில் கோமுகி என்று எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது பெரியவர் ஒருவர் சிறிது உதவினாற் போதும்.

பாட்டிக்குரியது அடுத்தது. "மூவர் கூடினால் மருந்து. ஒருவனை ஊறுகாய்ச் சாடியில் அறிவாய். மற்றை இருவரில், காய்ந்தபின் உடலில் ஐந்து வரி எழும்புபவன் எவனோ, அவன் நிழலில் நில்." நெல்லி, தான்றி, கடுக்காய் என்னும் திரிபலையின் மூன்றும் இத்தகைய இலையுதிர் காடுகளில் வளர்வன. பேரனுக்கு மருந்தரைத்த கையே கடுக்காயின் ஐந்து வரியை அறியும். தரையில் உதிர்ந்து கிடக்கும் காயை எடுத்து உருட்டிப் பார்த்த அளவில் பாட்டி தலைவியாகிவிடுவாள். தோல் பதனிடுவதற்காக இக்காய் முற்காலத்தில் கப்பலேறியதை அப்பொழுது தந்தையார் எடுத்துரைக்கலாம், கேட்பவர் கேட்பர்.

கல்லூரி மாணாக்கனைச் சற்றுத் திகைக்க வைப்பது நன்று. ஒரு சீட்டில் "ல்யிடிலஆ" என்று மட்டும் எழுதியிருக்கட்டும். இதனைக் கண்டு அவன் வடமொழியோ என்று மயங்குவான். தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்திற் தொடங்காது என்னும் இலக்கண விதி நினைவுக்கு வந்த கணத்தே, இது தலைகீழ் என்பது புலனாகும்; வலமிருந்து படிக்க "ஆலடியில்" என்று வரும். தேர்வுக்காக உருப்போட்ட விதி ஒன்று வழி காட்டுவதை அவன் வாழ்நாளில் முதன்முறை காண்பான்.

வேங்கை மரம் அருகிருப்பின் அதனை விடலாகாது. பெயர் புலிக்கும் உரியது. பூப்பறிக்கும் மகளிர் "புலி, புலி" என்று கூவிய செய்தி சங்கச் செய்யுட்களில் வருகின்றது. "பேரைக் கேட்டால் ஓடுவாய், நிழலைக் கண்டால் அமர்வாய்" என்று ஒரு சீட்டு எழுதலாம். அதன் பட்டையைக் கீறினாற் குருதி போன்ற செந்நீர் கசியும் என்பது உண்மையே. அதனைச் சோதிக்கச் சிறுவர்க்கு இடம் கொடுத்தலாகாது. அன்றியும், இதே ஜில்லாவிலுள்ள திருக்கோவலூரோடு தொடர்புடையவர் கபிலர். அவர் தம் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கியுள்ளார். அவற்றுள் அப்பொழுது வழியிற் பூத்திருக்கும் இரண்டினைப் பறியாமற் காட்டுக என்பது, தமிழ் பயில்வோர்க்கு நாம் அறிந்த புதிர்களிலெல்லாம் கடினமானது.

வழியைக் காட்டுவதற்குச் சாரணர் குறிகள் போதும். கற்களால் அமைத்த அம்புக்குறி செல்லும் திசையையும், குறுக்காக இட்ட இரு குச்சிகள் அவ்வழி செல்லற்க என்பதையும் உணர்த்தும். கட்டத்துள் எண்ணும் அருகே அம்பும் இருப்பின், அத்திசையில் அத்தனை அடி தொலைவிற் சீட்டு உளது என்பது பொருள். அவ்வெண்ணை ௫, ௭ என்று தமிழ் இலக்கத்தில் எழுதினால் அதுவே மற்றொரு புதிர். வட்டத்தின் நடுவே புள்ளி வைத்தால், வீடு திரும்பிவிட்டேன் என்பது; கென்யாவில் உள்ள பேடன் பவலின் கல்லறையிலும் அக்குறியே பொறிக்கப்பட்டுள்ளது.

ஒரு மைல் தூரமும் ஆறு புதிரும் போதும். பத்து நிமிஷம் கடந்தும் அவிழாவிடின் பிரித்துப் பார்க்க இரண்டாவது உறையில் ஒரு துணைக்குறிப்பு இருத்தல் நலம். மையால் எழுதிய சீட்டு ஒரே இரவுப் பனியில் அழிந்துவிடும், பென்சிலால் எழுதுக. பளபளப்பான தாளைக் குரங்கு முதலிற் கண்டுபிடித்துவிடும். பல குடும்பங்கள் சேரின், கால் மணி இடைவெளியில் ஒவ்வொன்றாக அனுப்புக. முந்தி வந்தோர்க்குப் பரிசு என்று ஒருபோதும் சொல்லற்க. சொல்லிய மறுகணம் பாட்டியை விட்டுவிட்டுப் பேரன் ஓடுவான்.

இனி முன்னர்க் கூறாது விட்ட காரணம். புதைத்தது என்று தெரிந்தால் பிள்ளைகள் தோண்டுவர். கல்லைப் புரட்டினால் தேளும், பொந்தில் கைவிட்டால் பாம்பும் இருத்தல் கூடும்; வேரும் அறுபடும். ஆதலின் எல்லாச் சீட்டும் கண்மட்டத்தில், கையெட்டும் உயரத்தில், எறும்பில்லாக் கிளையில் தொங்குதல் வேண்டும். ரிசர்வ் காட்டினுள் வனத்துறையின் அனுமதியின்றிப் புகுதல் குற்றமாகும். 2018ஆம் வருஷம் மார்ச்சு 11ஆந் தேதி தேனி ஜில்லாக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் அகப்பட்டு இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். புல் காய்ந்து நிற்கும் மாசி முதலாக, கோடை மழை நன்கு பெய்யும் வரை இவ்விளையாட்டை மலையில் நினைத்தலும் வேண்டா. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களே தக்க காலம். அப்பொழுதும் காட்டின் உட்புறம் வேண்டா, அடிவாரத்துப் புளியந்தோப்பு போதும். மலைமேல் நடத்தின், அவ்வூர் மலையாளி முதியவர் ஒருவரைத் தக்க ஊதியம் தந்து உடனழைத்துச் செல்க. அவருடைய தெய்வம் உறையும் மரத்திலோ விளைநிலத்திலோ சீட்டு வைக்கலாகாது என்பதை அவரே முதலிற் சொல்வார். அவரையும் ஒரு புதிர் போடச் சொல்லுக. நாம் ஆறு புதிரை எழுதி முடிக்க எடுத்த பொழுதில், அவர் ஒரு தழையைக் கிள்ளி முகரக் கொடுத்து, "இது எது?" என்று கேட்டு நம் பட்டதாரிகள் அனைவரையும் வாயடைக்கச் செய்தல் கூடும்.

பெட்டியில் மலைத்தேன் சிறு குப்பி ஒன்றும், பேர்க்குக் கொஞ்சம் கடலையுருண்டையும் வைத்தாற் போதும். அடியில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருக்கட்டும். வந்தவர் பெயரெழுதிச் செல்வர், கிரான்மியர் குளத்தில் எழுதி வைத்தது போல. திரும்பும்போது வைத்த சீட்டுக்கள் எத்தனை, எடுத்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்து, அம்புக்குறிக் கற்களையும் கலைத்துவிட்டு வருக.