நாள் உணவும் உடல் எடையும்

உணவுக்குப் பெயர்பெற்ற தீவு பினாங்கு. சுங்கை பினாங் வட்டாரத்தில் பசியாற நினைப்பவர் கடை தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 100க்கு 54 பேர் மிகுந்த எடையுள்ளவர்கள். 2019ஆம் ஆண்டு ஆய்வில் இந்த விகிதம் நம் இந்தியரிடையேதான் மிக அதிகமாக இருந்தது. இனிப்புநீர் நோயும் இரத்தக் கொதிப்பும் இதன் பின்னால் வருபவை. ஆகவே இதை வெறும் அழகுப் பிரச்சினையாகக் கருதுதல் கூடாது.

எடையை எப்படிக் குறைப்பது? உணவு தரும் வெப்ப ஆற்றலைக் கலோரி என்ற அளவால் கணக்கிடுகிறோம். உடல் செலவழிப்பதைவிட அதிகமாக உண்டால், மிச்சம் கொழுப்பாகச் சேர்கிறது. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது. நாள்தோறும் 500 கலோரி குறைத்தால், தொடக்கத்தில் வாரத்திற்கு அரை கிலோ அளவில் எடை இறங்கும். உடல் மெலிய மெலிய அதன் தேவையும் குறைவதால், பிறகு வேகம் தளரும். அது இயற்கையே, மனம் தளர வேண்டாம்.

அந்த 500 கலோரியை எங்கே குறைப்பது? இரண்டு ரொட்டி சானாயில் சுமார் 600 கலோரி, ஒரு குவளை தே தாரிக்கில் சுமார் 180, ஆக 780. அதற்குப் பதிலாக மூன்று இட்டிலியும் ஒரு கிண்ணம் சாம்பாரும் உண்டு, சீனி இல்லாத கோப்பி ஓ குடித்தால் ஏறத்தாழ 280தான். காலைப் பசியாறலிலேயே கணக்கு நேராகிவிடுகிறது!

ஒரு நாளுக்கு 1,500 கலோரி என்று வைத்துக்கொள்வோம். பசியாறலுக்கு 280, இடையில் ஒரு பழத்திற்கு 80, மதிய உணவுக்கு 500, மாலையில் சுண்டலுக்கு 140, இரவு உணவுக்கு 400, படுக்குமுன் கொழுப்பு குறைந்த பாலுக்கு 100 எனப் பிரித்துக்கொள்ளலாம்.

மதியம் தட்டை எப்படி நிரப்புவது? சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செபாரோ’ என்ற எளிய வழியைக் கூறுகிறது. தட்டில் கால் பகுதி சோறு; கால் பகுதி மீன், கோழி அல்லது பருப்பு; மீதிப் பாதி காய்கறியும் பழமும். ஒரு கோப்பைச் சோற்றில் சுமார் 200 கலோரி உண்டு. நாசி கண்டார் சாப்பிட விரும்பினால், எல்லாக் குழம்பையும் ‘பஞ்சிர்’ என்று ஊற்றச் சொல்லாமல், ஒரு கரண்டியோடு நிறுத்தி, வெண்டைக்காயைக் கூட்டிக் கேளுங்கள்.

இல்லத்தரசிகள் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுவது நல்லது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி. ஒரு தேக்கரண்டி சீனி 20 கலோரி. நாளைக்கு நான்கு முறை தேநீர் அருந்துபவர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனியை விட்டாலே 160 கலோரி மிச்சமாகும்.

சிலர் அவசரப்பட்டுப் பட்டினி கிடக்கின்றனர். இதனால் தசையும் கரைகிறது; பசி மீறி, விட்ட எடை திரும்பவும் ஏறுகிறது. மருத்துவர் மேற்பார்வையின்றி 1,200 கலோரிக்குக் கீழே போகலாகாது. இனிப்புநீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், உணவைக் குறைக்குமுன் மருத்துவரைக் கட்டாயம் கேட்க வேண்டும். இல்லாவிடில் இரத்தத்தில் சீனி அளவு திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். கருவுற்றிருக்கும் தாய்மார்கள் எடை குறைக்க முயலக்கூடாது.

எண்பது கிலோ எடையுள்ளவர் நான்கு கிலோ குறைத்தாலே, இரத்தக் கொதிப்பும் சீனியும் ஓரளவு தணியும். உணவோடு நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடங்கள். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், எடையைப் பார்த்துக் குறித்து வாருங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் செய்தால் அது நீடிக்காது. குடும்பமே ஒரே சட்டியிலிருந்து உண்ணுமானால், பிள்ளைகளுக்கும் இந்நல்ல பழக்கம் படிந்துவிடும்.