பல்லுக்கும் உண்டு ரீசைக்கிள் பின்!

கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலைத் தவறுதலாக அழித்துவிட்டால் பதற வேண்டியதில்லை. அது ரீசைக்கிள் பின்னில் போய்க் கிடக்கும். ரைட் கிளிக் செய்து ‘ரெஸ்டோர்’ கொடுத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டால்? சிக்கல்தான்.

நம் பற்களின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். சொத்தையை ஆரம்பத்தில் திருப்ப முடியும். குழி விழுந்துவிட்டால் முடியாது. சொத்தைக்கும் ஈறு நோய்க்கும் இன்று ‘பயோமெட்டீரியல்’ எனப்படும் பொருட்கள் பல வந்துவிட்டன. உடலோடு ஒத்துப்போய் வேலை செய்யும்படி தயாரிக்கப்படுபவை இவை. எது எதற்கு உதவும் என்று பார்ப்போமா?

சொத்தை வருவது எப்படி?

பல்லின் வெளி உறைக்கு எனாமல் என்று பெயர். அதன் எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்புகள்தான். கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் முக்கியமானவை. நாம் சாப்பிடும் இனிப்பை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். கரைந்த தாதுக்களை உமிழ்நீர் மெல்ல மெல்லத் திரும்பச் சேர்க்கும். இந்த வரவைவிடச் செலவு அதிகமானால் பல்லில் சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டு தெரியும். இதுதான் ரீசைக்கிள் பின் கட்டம். இப்போது ஃப்ளோரைடு கிடைத்தால் தாதுக்கள் மீண்டும் படிந்து எனாமல் தேறிவிடலாம். எனாமலில் உயிருள்ள செல்கள் கிடையாது. ஆகவே, குழி விழுந்தபின் அது தானாக வளர்ந்து மூடாது.

போர்க்களம் தந்த கண்ணாடி

அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லாரி ஹென்ச், 1967-இல் ஒரு கருத்தரங்குக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி ஒருவர் பக்கத்தில் இருந்தார். கை கால் இழக்கும் வீரர்களுக்காக, உடல் ஒதுக்கித் தள்ளாத ஒரு பொருளைச் செய்ய முடியாதா என்று அவர் கேட்டார். 1969-இல் ஹென்ச் உருவாக்கிய ‘பயோகிளாஸ்’ எலும்போடு ஒட்டிக்கொண்டது.

ஈரம் பட்டதும் இந்தக் கண்ணாடி கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் வெளிவிடும். எலும்பிலும் பல்லிலும் உள்ள தாதுவைப் போன்ற ஒரு படலம் அதன் மேல் உருவாகும். இதன் பொடி சில டூத்பேஸ்ட்டுகளில் சேர்க்கப்படுகிறது. பல்லிலுள்ள நுண்குழாய்களின் வாயை அடைத்துப் பல் கூச்சத்தைக் குறைப்பதுதான் அதன் முக்கிய வேலை.

கரண்ட் இல்லாமலே ஃபில்லிங்

குழி விழுந்துவிட்டதா? பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் 1972-இல் அறிவித்த ‘கிளாஸ் அயனோமர்’ சிமென்ட் இங்கே கைகொடுக்கும். இது பல்லோடு தானே ஒட்டிக்கொண்டு ஃப்ளோரைடையும் சிறுகச் சிறுக வெளிவிடும். 1980-களின் நடுவில் டான்சானியாவில், மின்சாரமோ டிரில் மெஷினோ இல்லாமல், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிவிட்டு ஃபில்லிங் வைக்கும் முறையைத் தொடங்கினார்கள்.

‘சில்வர் டயமின் ஃப்ளோரைடு’ இன்னும் எளிது. திரவத்தைத் தொட்டுச் சொத்தையில் தடவினால் போதும்; பெரும்பாலும் சொத்தை மேலே பரவாமல் நின்றுவிடும். ஒரே குறை, அந்த இடம் கறுத்துப் போகும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இந்த இரண்டையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

ஈறுக்கு ஒரு ஃபயர்வால்

ஈறு நோய் முற்றினால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். அந்த இடத்தைச் சுத்தம் செய்தாலும், வேகமாக வளரும் ஈறுத் தோல் முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடும். நிதானமாக வளரும் எலும்பும் தசைநாரும் ஏமாந்து நிற்கும்.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டூரே நைமன் குழுவினர் 1982-இல் இதற்கு வழி காட்டினர். இடையில் ஒரு மெல்லிய சவ்வை வைத்தார்கள். உங்கள் கம்ப்யூட்டரின் ஃபயர்வால் போல, அது வேண்டாததைத் தடுத்து வேண்டியதற்கு இடம் தருகிறது. தொடக்க காலச் சவ்வுகளை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருந்தது. இப்போது தானே கரையும் கொலாஜன் சவ்வுகள் கிடைக்கின்றன. ஆனால் இழந்த எலும்பு முழுவதும் எல்லோருக்கும் திரும்பிவிடாது. புகைபிடிப்பவர்களுக்குப் பலன் இன்னும் குறைவு.

இன்டர்நெட்டில் தேடும் முன்...

கூகுளில் தேடினால் ‘சொத்தை தானே மறையும்’ என்று பேஸ்ட் விற்கும் விளம்பரங்கள் வந்து குவியும். கிளிக் செய்யும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: அவர்கள் சொல்வது வெள்ளைத் திட்டைப் பற்றியா, குழியைப் பற்றியா? குழியை மூடும் பேஸ்ட் எதுவும் கிடையாது.

இன்றிரவே உங்கள் குழந்தையின் மேல் முன்பற்களை நல்ல வெளிச்சத்தில், உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லா வெள்ளையும் சொத்தை அல்ல; அதை அவர்தான் சொல்ல வேண்டும். சொத்தையின் தொடக்கம் என்றால், ஃப்ளோரைடு தடவியே பல்லைக் காப்பாற்றும் வாய்ப்பு உண்டு. வலி வரட்டும் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.