ஒரு கட்டடம், பல பெயர்கள்

1924 இல் நியூயார்க் வங்கியாளர் ஜார்ஜ் எஃப். பேக்கருக்கு வயது 84. ஹார்வர்டில் படித்தவர் அல்லர் அவர். ஆனால் ஹார்வர்டின் பிசினஸ் ஸ்கூலுக்குச் சொந்தமாக ஒரு வளாகம் வேண்டும் என்று மாசசூசெட்ஸ் பிஷப் வில்லியம் லாரன்ஸ் அவரிடம்தான் போனார். 10 லட்சம் டாலர் கேட்டார். பேக்கர் நாள் எடுத்துக்கொண்டு யோசித்துவிட்டு, 10 லட்சம் கொடுப்பதில் தமக்கு ஆர்வம் இல்லை என்றார். பள்ளி முழுவதையும் தாமே கட்டித்தரும் பேறு கிடைக்குமானால் 50 லட்சம் தருவதாகச் சொன்னார். சார்லஸ் ஆற்றங்கரையில் எழுந்த அந்த வளாகம் 1927 இல் திறக்கப்பட்டது.

நடுவில் நிற்கும் நூலகத்துக்குப் பேக்கர் பெயர் வந்தது. சுற்றியுள்ள விடுதிகளுக்கோ ஹாமில்டன், கேலட்டின், மெலன் என்று அமெரிக்க நிதியமைச்சர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். பணம் ஒரே கையிலிருந்து வந்துவிட்டதால், மற்றச் சுவர்களின் பெயர்கள் பணம் ஈட்ட வேண்டிய தேவை இல்லாமல் போனது. இன்று ஒரு பல்கலைக்கழகம் பிசினஸ் ஸ்கூல் கட்டும்போது இந்த வசதி அநேகமாக இருப்பதில்லை. ஒவ்வொரு சுவரும், ஒவ்வொரு வகுப்பறையும், சில இடங்களில் ஒவ்வொரு நாற்காலியும் தன் பங்குக்குப் பணம் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கோயில் மண்டபத்தில் 'உபயம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. பின்னால் இருக்கும் கணக்கைத்தான் கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டை எடுத்துக்கொள்வோம். நைக்கி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபில் நைட், தாம் எம்.பி.ஏ. படித்த அந்தப் பள்ளிக்கு 2006 இல் 10.5 கோடி டாலர் அறிவித்தார். அதில் 10 கோடி புதிய வளாகத்துக்கு. 2011 இல் திறந்தபோது வளாகத்தின் செலவு ஏறத்தாழ 34.5 கோடி டாலர். அதாவது 'நைட் மேலாண்மை மையம்' என்று முழு வளாகத்துக்கும் பெயர் பெற்றவர் கொடுத்தது செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

மிச்சத்துக்கு என்ன செய்தார்கள்? வளாகத்துக்குள் நடந்து பார்த்தாலே தெரியும். கன் கட்டடம், சம்பிரானோ கூடம், மெக்கிலெலண்ட் கட்டடம், பாஸ் மையம், பேட்டர்சன் கட்டடம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். பெரிய அரங்கத்துக்கு மெக்சிகோவின் சிமெண்ட் நிறுவனமான செமெக்ஸ் பெயர். பெரிய பெயருக்குள் சிறிய பெயர், அதற்குள் இன்னும் சிறியது என்று அடுக்கடுக்காக அமைந்த இந்த முறைக்குத்தான் பெயர் சூட்டும் வாய்ப்புகள் என்று பல்கலைக்கழகங்களில் சொல்கிறார்கள். அங்கே எனக்கு மிகவும் பிடித்த பெயர் '1968 ஆம் ஆண்டு எம்.பி.ஏ. வகுப்பு' கட்டடம். தனி மனிதர் யாரும் அல்ல, ஒரு வகுப்பே தன் பெயரைச் சூட்டிக்கொண்டது. சாப்பாட்டுக் கூடத்துக்கு 1958 முதல் 1968 வரை டீனாக இருந்த எர்னஸ்ட் ஆர்பக்கிள் பெயர். ஹார்வர்டின் நிதியமைச்சர்களைப் போல, அது மரியாதைக்கு வைத்த பெயர்.

இந்தப் பெயர்களுக்கு விலை எப்படி வைக்கிறார்கள்? ஒரு வகுப்பறையைக் கட்ட எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டு அந்தத் தொகையைக் கேட்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மொத்தம் திரட்ட வேண்டிய தொகையை முதலில் வைத்துக்கொண்டு, அதைக் கண்ணில் படும் அளவுக்கேற்ப இடங்களுக்குப் பிரித்துப் போடுகிறார்கள். நுழைந்ததும் தெரியும் முன்கூடத்துக்கு விலை அதிகம். அடித்தளத்தில் இருக்கும் மின்சார அறைக்கு அதே அளவு செலவாகியிருந்தாலும் அதற்குப் பெயர் கேட்டு யாரும் வருவதில்லை. குழாய், லிஃப்ட், கூரை எல்லாவற்றின் செலவும் முன்கூடத்தின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

பள்ளிக்கே பெயர் வைப்பது வேறு கணக்கு. 2008 இல் டேவிட் பூத் சிகாகோ பல்கலைக்கழக பிசினஸ் ஸ்கூலுக்கு அளித்தது 30 கோடி டாலர். பள்ளி பூத் என்றானது. ஆனால் அது கட்டடத்துக்கான பணம் அல்ல. வளாகம் 2004 இலேயே திறந்துவிட்டது. ஆக, பள்ளியின் பெயர் ஒருவருடையது, கட்டடத்தின் பெயர் இன்னொருவருடையது, வகுப்பறை மூன்றாமவருடையது என்று இருக்கலாம். மூன்றும் மூன்று தனித்தனி ஒப்பந்தங்கள். நன்கொடையாளர் அந்தப் பள்ளியில் படித்தவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2022 இல் திறந்த கொலம்பியா பிசினஸ் ஸ்கூலின் இரு கட்டடங்களில் ஒன்றுக்குப் பெயர் தந்த ஹென்றி கிராவிஸ் பழைய மாணவர்; மற்றொன்றுக்குப் பெயர் தந்த டேவிட் கெஃபென் இசை, திரைத்துறைக்காரர்.

திரட்டும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பொது அறிவிப்பு வெளிவரும் நாளில் பாதி வேலை முடிந்திருக்கும். அதற்கு முன் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில், டீனும் நிதி திரட்டும் அலுவலகமும் பத்து இருபது பேரை மட்டும் தனித்தனியே பார்த்துப் பேசியிருப்பார்கள். முதல் பெரிய தொகை உறுதியான பிறகே மற்றவர்களிடம் போகிறார்கள். இவ்வளவு பெரியவர் கொடுத்திருக்கிறாரே என்ற நம்பிக்கை அடுத்தவரை அசைக்கும். மொத்தத்தில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடமிருந்தே வருகிறது. நாற்காலியில் பெயர் பொறிக்கக் கொடுக்கும் ஆயிரக்கணக்கானவர்களின் பணத்தால் கட்டடம் எழுவதில்லை. ஆனால் அவர்கள் பின்னால் ஆண்டுதோறும் கொடுக்கப்போகிறவர்கள். அதனால் அந்த நாற்காலிகளை அற்பமாக எண்ணக் கூடாது.

அறிவித்த பணம் மறுநாளே வங்கிக்கு வந்துவிடாது. பெரிய நன்கொடைகள் பெரும்பாலும் ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேலும் தவணையாக வருபவை. ஒப்பந்தக்காரருக்கோ மாதம் பிறந்தால் பணம் கொடுத்தாக வேண்டும். இடையில் விழும் பள்ளத்தைப் பல்கலைக்கழகம் கடன்பத்திரம் வெளியிட்டோ தன் சேமிப்பிலிருந்து எடுத்தோ நிரப்புகிறது. தவணை தவறினால் அந்தக் கடன் பல்கலைக்கழகத்தின் தலையில்தான். அமெரிக்காவில் பலர் பணத்துக்குப் பதிலாக விலை ஏறிய பங்குகளைக் கொடுக்கிறார்கள். அந்த ஏற்றத்துக்கான மூலதன ஆதாய வரி அவர்களுக்கு இல்லாமல் போகிறது, வருமான வரியிலும் கழிவு கிடைக்கிறது. ஆகவே பங்குச் சந்தை சரியும் ஆண்டில் நன்கொடையும் சுருங்குவதில் வியப்பில்லை.

இனி, யாரும் விரும்பிப் பேசாத செலவு. கட்டி முடித்த பிறகு மின்கட்டணம், குளிர்சாதனம், துப்புரவு, இருபது ஆண்டு கழித்து மாற்ற வேண்டிய கூரை. கட்டடம் நின்றிருக்கும் காலம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் இவை கட்டிய செலவையே தாண்டிவிடக்கூடும். கோயிலில் கட்டளை வைப்பது எப்படி என்று நமக்குத் தெரியும்: முதல் அப்படியே இருக்கும், அதில் வரும் வருமானத்தில் பூசை நடக்கும். பல்கலைக்கழகத்தின் நிலைநிதியும் அதேதான். கட்டடத்துக்குக் கொடுப்பவரிடம், கூடவே பராமரிப்புக்கு ஒரு கட்டளையும் வைக்கச் சொல்லிக் கேட்கும் பல்கலைக்கழகங்களை நான் மதிக்கிறேன். கேட்காமல் விட்டால், பெயர்ப்பலகை பளபளக்கும் கட்டடத்தின் மின்கட்டணம் கடைசியில் மாணவரின் கல்விக் கட்டணத்தில் வந்து விழும்.

யேல் பல்கலைக்கழகத்தில் இரண்டு வகையையும் அருகருகே பார்க்கலாம். 2014 இல் திறந்த மேலாண்மைப் பள்ளிக் கட்டடத்துக்கு எட்வர்ட் பி. எவன்ஸ் பெயர், அவர் கொடுத்தது 5 கோடி டாலர். 2016 இல் அதே பள்ளியில் டீன் பதவிக்கே ஒரு நிலைநிதி வைத்தவர் சென்னையில் பிறந்து சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்த இந்திரா நூயி. அங்கே டீனாக வருபவரின் பதவிப் பெயரோடு நூயியின் பெயரும் சேர்ந்து வரும். கண்ணுக்குத் தெரியும் சுவர் அது இல்லை. ஆனால் கூரை ஒழுகாது, வண்ணமும் மங்காது.

பெயர் எத்தனை காலம்? இங்கேதான் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு சொல்லும் காசு பெறும். நியூயார்க்கின் லிங்கன் மையத்தில் நடந்தது பிசினஸ் ஸ்கூல் கதை அல்ல என்றாலும், நன்கொடை ஒப்பந்தம் எழுதுகிற எல்லோரும் அறிய வேண்டியது. 1973 இல் ஏவரி ஃபிஷர் 1.05 கோடி டாலர் கொடுத்ததற்கு இசையரங்கம் என்றென்றைக்கும் அவர் பெயரில் இருக்கும் என்று ஒப்புக்கொண்டார்கள். நாற்பது ஆண்டு கழித்துப் புதுப்பிக்கப் பணம் வேண்டியிருந்தது. விற்பதற்குப் பெயர் இல்லை. 2014 இல் அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க ஃபிஷர் குடும்பத்துக்கு 1.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கொலம்பியாவில் பார்த்த அதே கெஃபெனின் 10 கோடி டாலர் அரங்கத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். இன்று கவனமாக எழுதும் ஒப்பந்தங்களில் 'கட்டடம் இப்போதைய நிலையில் பயன்பாட்டில் இருக்கும் வரை' என்றோ, இத்தனை ஆண்டு என்றோ எல்லை போட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு பிரிவும் வேண்டும்: பெயர் கெட்டுப்போனால் என்ன செய்வது. நியூஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில் பிசினஸ் ஸ்கூல் இயங்கிய கட்டடத்துக்கு டைக்கோ நிறுவனத் தலைவர் டென்னிஸ் கோஸ்லோவ்ஸ்கியின் பெயர் இருந்தது. 2005 இல் நிறுவனப் பணத்தைக் கையாடிய வழக்கில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. வணிக நெறி கற்பிக்கும் வகுப்பறைக்கு மேல் அந்தப் பெயர் நிற்க முடியாமல், கட்டடம் ஜூபிலி ஹால் ஆனது.

பணம் பெரிதானால் இடத்தையும் நிர்வாகத்தையும் பற்றி நன்கொடையாளருக்கு எவ்வளவு செல்வாக்கு இருக்கலாம் என்ற கேள்வியும் வரும். 1996 இல் தொழிலதிபர் வஃபிக் சயீத் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பிசினஸ் ஸ்கூலுக்காக 2 கோடி பவுண்டு தர முன்வந்தபோது, முதலில் குறித்த இடம் ஒரு விளையாட்டு மைதானம். ஆக்ஸ்போர்டு ஆசிரியர்களின் பேரவை அதை வாக்கெடுப்பில் நிராகரித்தது. பள்ளி ரயில் நிலையத்துக்கு எதிரே எழுந்து 2001 இல் திறந்தது. நன்கொடை நின்றுபோகவில்லை, பெயரும் மாறவில்லை, மைதானம் மட்டும் தப்பியது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டதால் பல்கலைக்கழகம் எதையும் இழக்கவில்லை என்பதை நிதி திரட்டும் அலுவலகங்கள் கவனிக்க வேண்டும்.

இந்த வரலாற்றில் என் மனத்தைத் தொட்டது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் முடிவு. பூத் பணம் சிகாகோவுக்கு வருவதற்கு ஓராண்டு முன், 2007 இல், மாடிசனில் முன்னாள் மாணவர்கள் 13 பேர் சேர்ந்து 8.5 கோடி டாலர் கொடுத்தார்கள். பெயர் சூட்டுவதற்கு அல்ல, சூட்டாமல் இருப்பதற்கு. குறைந்தது 20 ஆண்டுகளுக்குப் பள்ளி யார் பெயரையும் ஏற்காமல் விஸ்கான்சின் பிசினஸ் ஸ்கூல் என்றே இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பள்ளி இயங்கும் கட்டடத்துக்கு கிரெய்ஞ்சர் பெயர் உண்டு, உள்ளே அறைகளுக்கும் பெயர்கள் உண்டு. வாசலில் நிற்கும் பெயரை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். அந்த 20 ஆண்டு 2027 இல் முடிகிறது.