எட்டயபுரத்தில் ஒரு பாட்டுக் குடும்பம்

இளையரசனேந்தலில் பஸ் ஏறி, கோவில்பட்டியில் மாறி, கிழக்கே கரிசல் காட்டைக் கடந்தால் எட்டயபுரம். வானம் பார்த்து விதைக்கும் இந்தச் சீமையில் முத்துசுவாமி தீட்சிதர் அமிர்தவர்ஷினி ராகம் பாடி மழை வருவித்ததாகக் கதை உண்டு. தம்பி பாலுசுவாமியின் கல்யாணத்துக்கு வந்த வழியில் நடந்தது என்பார்கள். மழைக் கதையைவிடக் கல்யாணக் கதையே எனக்கு முக்கியம். அந்தக் குடும்பத்துக்குப் பாட்டும் உறவும் ஒன்று.

தந்தை ராமசுவாமி தீட்சிதரின் ஸ்ரீரஞ்சனி வர்ணத்தைப் பாருங்கள். பல்லவியும் அனுபல்லவியும் அவருடையவை. சரண ஸ்வரங்களில் ஒன்று அவர் போட்டது. ஒன்று சியாமா சாஸ்திரி போட்டது. மற்றவை மகன்கள் சின்னசுவாமியும் முத்துசுவாமியும் போட்டவை. அப்பாவின் உருப்படியில் பிள்ளைகள் கைவைக்கலாம் என்ற உரிமை அந்த வீட்டில் இருந்திருக்கிறது. எவ்வளவு பெரிய பாடசாலை அது!

ஜெர்மனியில் யோஹான் செபாஸ்டியன் பாக் வீடும் இப்படித்தான். பிள்ளைகள் எல்லாரும் பிறவியிலேயே இசைக்காரர்கள், வீட்டாரை வைத்தே கச்சேரி நடத்திவிடலாம் என்று 1730-இல் அவர் நண்பருக்குக் கடிதம் எழுதினார். மனைவி அன்னா மக்தலேனாவின் 1725-ஆம் ஆண்டு இசை நோட்டில் பாக்கின் மகன் ஒருவரின் இளவயது மெட்டுகளும் இருக்கின்றன. பாக்கின் கடைசி மகன் பிறந்த 1735-இல்தான் ராமசுவாமி தீட்சிதரும் பிறந்தார்.

சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் தீட்சிதர் குடும்பம் இருந்த காலத்தில் ஐரோப்பிய இசை இவர்கள் காதில் விழுந்தது. தம்பி பாலுசுவாமி வயலின் கற்று அதை நம் ராகங்களுக்குப் பழக்கினார். அண்ணன் முத்துசுவாமி அந்த அந்நிய மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் எழுதினார். அவைதாம் நோட்டு ஸ்வரங்கள்.

1835 தீபாவளியன்று முத்துசுவாமி எட்டயபுரத்தில் மறைந்தார். சமஸ்தான வித்வானாக இருந்த பாலுசுவாமி, மகள் அன்னபூரணியின் பிள்ளை சுப்பராமனைத் தத்தெடுத்துப் பாடம் சொல்லி வளர்த்தார். தாத்தாவே தகப்பன், அவரே குரு. வீட்டில் கேட்டதையெல்லாம் எழுதும்படி கிறிஸ்தவரான சின்னசுவாமி முதலியார் விடாமல் வற்புறுத்த, சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்திலேயே ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைத் தெலுங்கு லிபியில் அச்சிட்டார். முத்துசுவாமியின் இருநூறுக்கும் மேற்பட்ட கிருதிகள் கமகக் குறிகளோடு அதில் உள்ளன. பேரனின் உழைப்பைப் போற்றுகிறோம். அன்னபூரணியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவள் வழியாகத்தானே அந்தச் சொத்து கைமாறியது!

சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதர் பிறகு சென்னைக்குப் போனார். அங்கே அவரிடம் தீட்சிதர் கிருதிகளைப் பாடம் கேட்டவர்களில் ஒருவர் டி.கே. பட்டம்மாள்.